மட்டையை வீசிய இளைஞர்

கோல்ப் ஆட்டம் நம்மவர்களில் பலருக்கு அந்நியமானது. கல்கத்தாவில் 1829-லேயே அதற்கென்று ஒரு கழகம் தோன்றிவிட்டது என்றாலும், மதிற்சுவருக்கு உட்புறம் செல்வர்கள் ஆடும் ஏதோ ஓர் ஆட்டம் என்ற அளவிலேயே நமக்கு அதனோடு பழக்கம். நானும் அதை ஆடியவனல்லன். அப்படியிருந்தும் பாபி ஜோன்ஸ் என்ற அமெரிக்கரின் வரலாற்றை இம்மலருக்கென்று எடுத்துக்கொண்டேன். அவர் வென்ற கோப்பைகளைக் கண்டு மயங்கி அல்ல. அவருடைய கோபத்தைப் பற்றிப் படித்ததனால். திறமை நிரம்பிய ஓர் இளைஞர் ஏழாண்டுக் காலம் தம் கோபத்திடமே தோற்றுக்கொண்டிருந்தார். பிறகு அதனிடம் தோற்காமலிருக்கக் கற்றார். அது எப்படி நேர்ந்தது என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் 1902 மார்ச் 17 அன்று அவர் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பிள்ளையோ நோஞ்சான், ஐந்து வயதாகும் வரையில் திட உணவே வயிற்றில் தங்கவில்லை. திறந்த வெளிக் காற்றுக்காகக் குடும்பம் ஈஸ்ட் லேக் என்னுமிடத்துக் கோல்ப் மைதானத்தின் அருகே குடியேறிற்று. அங்கே ஆட்டம் பயிற்றிவந்தவர் ஸ்டூவர்ட் மெய்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சிறுவன் அவரிடம் முறையாகப் பாடம் கேட்கவில்லை. அவர் பின்னாலேயே சுற்றி, அவர் மட்டை வீசும் விதத்தைப் பார்த்துப் பார்த்து அப்படியே பிடித்துக்கொண்டான்.

1916-இல், பதினான்கு வயதில், மெரியான் மைதானத்தில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியில் அவர் ஆடினார். முதல் எதிரி ஈபன் பையர்ஸ், முன்னாள் சாம்பியன். அடி பிழைத்த போதெல்லாம் இருவரும் மட்டையை வீசி எறிந்தார்களாம்! பையர்ஸிடம் மட்டைகள் முதலில் தீர்ந்துபோனதால்தான் சிறுவன் வென்றான் என்று பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். பதினான்கு வயதில் அது வேடிக்கைதான்.

இந்த ஆட்டத்தில் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று நான் யோசித்ததுண்டு. கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கிப் பறந்து வருகிறது. ஆட்டமிழந்தால் பந்து வீசியவனின் திறமை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். கோல்பிலோ பந்து அசையாமல் காலடியில் கிடக்கிறது. எதிரி அதைத் தொடுவதுமில்லை. பிழைத்தால் பிழைத்தவன் தான் ஒருவனே. அதுவும் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நீண்ட தூரம் நடந்து போக வேண்டும்; அவ்வளவு நேரமும் மனம் அந்தப் பிழையையே அசைபோடும். திறமை மிகுந்தவனுக்கு இது இன்னும் கொடியது. சரியான அடி எப்படியிருக்கும் என்று அவனுக்குத்தானே தெரியும்!

1921-இல் ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில், பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் மூன்றாம் சுற்று. முதல் ஒன்பது குழிகளுக்கு அவருக்கு 46 அடிகள் ஆயின. பத்தாம் குழிக்கு ஆறு. பதினோராம் குழியில் பந்து மணற்குழிக்குள் விழுந்தது; அடித்தும் அடித்தும் ஆத்திரம்தான் மிஞ்சியது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்தே விலகிவிட்டார். கோல்பின் தாய்வீடு என்று உலகம் போற்றும் இடத்தில் செய்த காரியம் இது. அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில் அவர் வீசிய மட்டை, பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் காலில் பட்டது. கோபத்தை அடக்காவிட்டால் இனித் தங்கள் போட்டிகளில் இடமில்லை என்று அமெரிக்கக் கோல்ப் சங்கத்தார் எழுதிவிட்டார்கள்.

அந்த ஒரு கடிதத்தில் அவர் திருந்திவிட்டார் என்று எழுதினால் கதைக்குச் சுவையாயிருக்கும், எனக்கு நம்பிக்கையில்லை. மாற்றம் மெள்ளத்தான் வந்தது. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு. அதைப் பார் என்பர். எதிரில் ஆடும் மனிதரை மறந்து, அந்தக் கணக்கோடு மட்டும் ஆட அவர் பழகினார். கணக்குக்குக் கோபமில்லை, கர்வமுமில்லை. அதன்மேல் ஆத்திரப்பட்டு ஆவதொன்றுமில்லை. மற்றொன்றையும் அக்காலத்துத் தொழில்முறை வீரர் வால்டர் ஹேகனிடம் காணலாம். ஒரு சுற்றில் சில அடிகள் பிழைத்தே தீரும் என்ற நினைப்போடுதான் ஹேகன் களத்தில் இறங்குவார். பிழைத்தால் சிரித்துவிட்டு நடப்பார். 1926-இல் ஃபுளோரிடாவில் இருவரும் தனியே மோதியபோது ஜோன்ஸ் படுதோல்வி அடைந்தார். பிழையை முன்கூட்டியே வரவு வைத்துக்கொள்ளும் அந்த மனம் ஜோன்ஸுக்கு முழுமையாக வாய்த்ததென்று நான் எண்ணவில்லை.

ஆயினும் 1923-இல் கதவு திறந்தது. நியூயார்க்கை அடுத்த இன்வுட் மைதானத்தில் அமெரிக்க ஓபன். வெற்றி கைக்கெட்டிய நிலையில் கடைசிக் குழியைக் கெடுத்துக்கொண்டு, பாபி க்ரூக்ஷாங்க் என்பவரோடு சமநிலையாகி, மறுநாள் மீண்டும் ஆட நேர்ந்தது. பழைய ஜோன்ஸ் அன்றே உடைந்திருப்பார். மறுநாளும் பதினேழு குழிகள் வரை சமம். பதினெட்டாம் குழியில், நீர்நிலைக்கு இப்பால், ஏறத்தாழ 190 கெஜ தூரத்தில் பந்து கிடந்தது. அதிகம் யோசிக்காமல் மட்டையை எடுத்தார். பந்து நீரைத் தாண்டிக் குழிக்கு இரண்டொரு கெஜத்தில் போய் நின்றது. ஏழாண்டு வறட்சி அத்தோடு நீங்கிற்று.

1925-இல் வூஸ்டரில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நெடும்புல்லில் கிடந்த பந்தை அடிக்கப் போகையில் அது சற்றே அசைந்தது. வேறு எவர் கண்ணிலும் படவில்லை. தமக்குத் தாமே ஓர் அபராத அடி விதித்துக்கொண்டார். முடிவில் வில்லி மக்பார்லேனோடு சமநிலையாகி, மீண்டும் ஆடி, ஒரே ஓர் அடியில் தோற்றார். அந்த அபராதம் இல்லையேல் கோப்பை அவருடையது. இதற்காகத் தம்மைப் புகழ்ந்தவர்கள்மேல் அவருக்கு எரிச்சலே வந்தது.

இவ்வளவுக்கும் நடுவே இயந்திரப் பொறியியலில் பட்டம், ஹார்வர்டில் ஆங்கில இலக்கியப் பட்டம், பின்னர் சட்டம். பரீட்சைக்காகப் பந்தாட்டத்தை விட்டேன் என்று சொல்லும் நம் விடுதி நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக! ஆட்டத்தில் அவர் பணம் வாங்கியதில்லை. கடைசிவரை அமெச்சூராகவே ஆடினார்.

1930-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ், ஹொய்லேக், இன்டர்லாக்கன், மெரியான் என நான்கு களங்களில், இரு நாடுகளின் ஓபன், அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் ஒரே ஆண்டில் வென்றார். அத்தகைய பட்டங்கள் மொத்தம் பதின்மூன்று. அவ்வாண்டு நவம்பரிலேயே, இருபத்தெட்டாம் வயதில், போட்டிகளுக்கு முழுக்குப் போட்டார். ஏன்? கோபம் போய்விடவில்லை, உள்ளே போயிருந்தது என்பதே என் கருத்து. போட்டி நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது. ஒரே போட்டியில் பத்துப் பவுண்டுக்கு மேல் எடை குறைந்ததுண்டு. முகம் அமைதியாயிருந்ததைப் பார்த்தவர்கள் அதன் விலையைப் பார்க்கவில்லை.

அதன்பின் அகஸ்டாவில் ஒரு மைதானம் அமைத்தார். 1934 முதல் அங்கே பெரும் போட்டி நடக்கிறது. அந்தக் கழகம் 1990 வரை கறுப்பர் எவரையும் உறுப்பினராக ஏற்கவில்லை என்பதையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

1948-க்குப் பிறகு அவரால் ஆடவே முடியவில்லை. தண்டுவடத்தினுள் நீர்ப்பை தோன்றி நரம்புகளை நசுக்கும் நோய் அது. முதலில் கைத்தடி, பின்பு இரும்புப் பட்டைகள், இறுதியில் சக்கர நாற்காலி. வலி விடவில்லை. அந்த இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் அவர் பிறரிடம் சீறி விழுந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. 1958-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தார் அவரைத் தங்கள் நகரத்தின் உரிமைக் குடிமகனாக்கிப் போற்றினர். அமெரிக்கரில் அவருக்கு முன் அந்தச் சிறப்பைப் பெற்றவர் பெஞ்சமின் பிராங்க்லின் ஒருவரே. 1971 டிசம்பர் 18 அன்று ஜோன்ஸ் காலமானார். அந்த மைதானத்தின் பத்தாம் குழிக்கு இப்போது அவர் பெயரே வழங்குகிறது. அதை முடித்துக்கொண்டு நடந்தால் அடுத்து வருவது, 1921-இல் அவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறிய பதினோராம் குழி.