கொல்லிமலையும் பறவையியல் அறிஞர் சாலிம் அலியும்

இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

கொல்லிமலை என்றதும் நம் நெஞ்சில் முதலில் தோன்றுபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை ஒருசேர வீழ்த்தியதாகச் சங்கப் புலவர் பாடிவைத்தார். அந்த வில்லாளனின் மலைக்குத்தான் நம் கல்லூரி விலங்கியல் மன்றத்து மாணவ மாணவியர் ஆண்டுக்கு நான்கு முறை சென்று வருகிறோம். எங்கள் கையில் வில்லும் இல்லை, அம்பும் இல்லை. மூன்று தொலைநோக்கிகளும் ஆளுக்கொரு குறிப்பேடுமே எங்கள் படைக்கலன்கள். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்று, சோலையிலும் ஓடைக்கரையிலும் வயல் வரப்பிலும் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதிக்கொண்டு திரும்புவோம்.

பறவைகளைக் கூர்ந்து நோக்கிக் குறித்துவைக்கும் இக்கலையை இந்திய இளைஞர்களிடையே பரப்பிய பெருமகனார் டாக்டர் சாலிம் அலி. அவர்தம் வாழ்க்கையை, எங்கள் மலைப்பயணங்களில் கண்ட சிலவற்றோடு சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், இன்று மும்பை என வழங்கும் பம்பாயில் பிறந்தார். குடும்பத்தின் கடைக்குட்டி அவர். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த அக்குழந்தையைத் தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜி வளர்த்தார். மாமா வேட்டையில் விருப்பமுள்ளவர். மருமகனுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. ஏறக்குறையப் பத்து வயதில், அத்துப்பாக்கியால் அவர் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் காணப்பட்டது. வீட்டைச் சுற்றித் திரியும் குருவிகளுக்கு இந்த மஞ்சள் இல்லையே என்று சிறுவன் வியந்தான். மாமாவாலும் விடை கூற இயலவில்லை. அவர் மருமகனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் அனுப்பினார். மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறியதோடு நில்லாமல், இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகங்களும் தந்தார். ஒரு சிறுவனின் கேள்வியைப் பெரியவர் ஒருவர் மதித்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இந்தியப் பறவையியலின் வரலாறு அன்று திரும்பிற்று.

இதனால் அவர் கல்வியில் முதல்வராக விளங்கினார் என்று எண்ணிவிடலாகாது. தூய சவேரியார் கல்லூரியில் முதலாண்டே அவருக்குக் கடினமாக இருந்தது. படிப்பை விட்டுவிட்டு, பர்மாவில் குடும்பத்தார் நடத்திய சுரங்கத் தொழிலையும் மரத்தொழிலையும் கவனிக்கச் சென்றார். அங்கும் அவர் மனம் காட்டுப் பறவைகளையே நாடிற்று. 1917-இல் பம்பாய் திரும்பியவர் வணிகப் படிப்பில் சேர்ந்தார். அவருடைய உள்ளம் எங்குள்ளது என்பதை உணர்ந்த பாதிரியார் பிளாட்டர் விலங்கியல் படிக்குமாறு தூண்டினார். அதன்பின் காலையில் வணிகமும் பிறகு விலங்கியலுமாகப் படித்தார். 1918-இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பணியிடம் ஒன்று இருந்தது. முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அது அவருக்குக் கிட்டவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்க விரிவுரையாளர் வேலை கிடைத்தது. மேலும் கற்க வேண்டும் என்ற வேட்கையால் விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்று, பெர்லின் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் ஸ்டிரெஸ்மன் என்பாரிடம் பயின்றார். 1930-இல் தாயகம் திரும்பியபோது ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பணமில்லை என்று காரணம் காட்டி, அவருடைய வேலையையே ஒழித்துவிட்டிருந்தார்கள். பட்டம் இல்லை, வேலையும் இல்லை, வயதோ முப்பத்து மூன்று. படிப்பை முடித்து வேலைக்கு மனுப்போடக் காத்திருக்கும் நம்மில் பலர்க்கு இந்நிலை புதியதன்று.

சாலிம் அலியும் அவர் துணைவியாரும் பம்பாய்க்கு அருகிலுள்ள கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினர். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையற்ற அம்மனிதர் நாள்தோறும் மணிக்கணக்கில் அவற்றைக் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து அதைச் சோதிக்கிறது. பிடித்திருந்தால் தங்குகிறது, பிறகே ஆண் கூட்டை முடிக்கிறது. முடித்ததும் அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கிறது. தூக்கணாங்குருவியின் இல்லற முறையை உலகுக்குத் தெளிவாக்கியது அந்த ஆய்வே. அதற்கு ஆய்வுக்கூடமோ அரசு மானியமோ தேவைப்படவில்லை.

இதனை நாங்கள் நேரில் கண்டோம். ஆவணி மாதப் பயணத்தின்போது, மலையேறுமுன் அடிவாரத்தில் கிணற்றோரப் பனை ஒன்றின் கீழ் நின்றோம். அதில் பதினேழு கூடுகள் தொங்கின. ஆறு கூடுகள் தலைக்கவசம் போலப் பாதியில் நின்றிருந்தன. முன்பு பார்த்திருந்தால் கட்டி முடியாத கூடுகள் என்று சொல்லிச் சென்றிருப்போம். சாலிம் அலியைப் படித்திருந்த எங்களுக்கு அவை பெண் பார்க்கும் படலத்தில் இருப்பவை என்று விளங்கிற்று.

அதன்பின் சாலிம் அலி தமக்கென ஒரு வழியை வகுத்துக்கொண்டார். சுதேச சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாகவும், பயணச் செலவைக் கொடுத்தால் போதும் என்றும் முன்வந்தார். ஐதராபாத்தைத் தொடர்ந்து 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் அவருடைய கணக்கெடுப்பு நடைபெற்றது. முகாம்தோறும் தெஹ்மினா அம்மையார் உடனிருந்து உதவினார். 1939-இல் ஒரு சிறு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அம்மையார் காலமானார். அத்துயரிலிருந்து மீண்ட சாலிம் அலி, தமக்கையின் இல்லத்தில் தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார். 1941-இல் அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, சிறையிலிருந்த நேரு அந்நூலைத் தம்மைப் போலவே சிறையிலிருந்த மகள் இந்திராவுக்குப் பரிசளித்தார். அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கையேடு, இந்தியத் துணைக்கண்டப் பறவைகள் அனைத்தையும் விரித்துரைப்பது. பட்டமில்லாதவர் என்று ஒதுக்கப்பட்டவருக்கு அலிகார், தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கின. 1958-இல் பத்மபூஷணும் 1976-இல் பத்மவிபூஷணும் அவரைத் தேடி வந்தன.

தமிழகத்துக்கும் அவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வலசை வரும் பறவைகளின் கால்களில் எண் பொறித்த சிறு வளையத்தை மாட்டிவிட்டால், அவை எங்கிருந்து எங்குச் செல்கின்றன என்பதை அறியலாம். அவர் வழிகாட்டிய பம்பாய்க் கழகத்தார் அவ்வாறு வளையமிட்ட இடங்களுள் ஒன்று நம் கோடியக்கரை. அது 1967-இல் சரணாலயமாயிற்று. வலசையின் வியப்பைக் காணக் கடற்கரைக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. தை மாதத்தில் ஆகாய கங்கை அருவி நீர் ஓடும் அய்யாற்றின் பாறைகளில் சாம்பல் வாலாட்டியைக் கண்டோம். கைப்பிடிக்குள் அடங்கும் அச்சிறு பறவை, இமயத்திலும் அதற்கப்பால் வடநாடுகளிலும் கூடு கட்டுவது. பங்குனியின் கடைசியில் நாங்கள் சென்றபோது அப்பாறைகள் வெறுமையாயிருந்தன. அத்திமரங்களில் குக்குறுவான்களின் குரல் மட்டும் நாள் முழுதும் ஓயவில்லை. ஒரே இடத்துக்குப் பருவந்தோறும் சென்றால்தான் யார் குடியிருப்பவர், யார் விருந்தாளி என்பது தெரியும்.

சாலிம் அலியின் வாழ்வில் நாம் ஆழ்ந்து எண்ணவேண்டிய பகுதி ஒன்றுண்டு. இராஜஸ்தானத்தில் பரத்பூர் என்னும் ஊரில் பெரிய நீர்ப்பறவைக் காடு இருக்கிறது. அக்காலத்தில் அது மன்னரின் வாத்து வேட்டைக் களம். 1938 நவம்பர் 12 அன்று, வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. அன்று சாலிம் அலிக்கு 42-ஆம் பிறந்தநாள்! அக்காட்டைக் காக்க அவர் பல்லாண்டு பாடுபட்டார். அது தேசியப் பூங்காவாகி, 1982-இல் அங்கு எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. அவரும் அத்தடையை ஆதரித்தார். எதிர்த்துத் திரண்ட கிராம மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. மேய எருமை இல்லாமற் போகவே, புல் மண்டி நீர்நிலையை அடைத்தது. பறவைகளுக்கு இடம் குறைந்தது. இதைப் பல்லாண்டு ஆராய்ந்து கண்டறிந்தவர்கள் வேறு எவருமல்லர். அவர் வளர்த்த பம்பாய்க் கழகத்தின் ஆய்வாளர்களே. 1987 ஜூனில் சாலிம் அலி மறைந்தபின் அவ்வாய்வின் முடிவு வெளிவந்தது. மாபெரும் அறிஞரின் கருத்தையும் பொறுமையாக எழுதிவைத்த குறிப்புகள் திருத்தின. தம் மாணாக்கர்க்கு அவர் கற்பித்த முறையின் வெற்றி அதுவென்றே நான் கருதுகிறேன்.

இங்குதான் கொல்லிமலை நம்முன் நிற்கிறது. இது ஆளில்லாக் காடன்று. மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, பலா நிழலில் வாழும் மலை. அரப்பளீஸ்வரர் கோயில் செல்லும் வழியில் ஒரு பெரியவர் எங்களைத் தம் திண்ணையில் அமரச்செய்து, பலாச்சுளை கொடுத்து உபசரித்தார். முன்பெல்லாம் சாமை முற்றும் நாட்களில் தகரம் தட்டிக் குருவி ஓட்டுவதே பிள்ளைகளுக்கு வேலையாக இருந்ததாம். இப்போது அவர் நிலத்தில் மரவள்ளி. குருவி ஓட்ட ஆளும் வேண்டியதில்லை, ஓட்டுவதற்குக் குருவியும் வருவதில்லை என்று சிரித்துக்கொண்டே கூறினார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கிழங்கு மாவு ஆலைகள் தரும் விலைக்காக மரவள்ளி பெருகியதும், மிளகுக்கொடி படரச் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நடப்பட்டதும் கண்கூடு. அவரவர் பிழைப்புக்காகச் செய்வதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. மக்களை விலக்கிவிட்டுப் பறவையைக் காப்போம் என்ற முடிவு எங்குக் கொண்டுபோய் விடும் என்பதைப் பரத்பூர் காட்டிவிட்டது. சாமை வயலில் எத்தனை குருவி, மரவள்ளியில் எத்தனை, பலா நிழலில் எத்தனை, சில்வர் ஓக்கில் எத்தனை என்று ஆண்டுதோறும் எண்ணி எழுதிவைப்பதே நாம் செய்யக்கூடியது. அக்கணக்கு இருந்தால்தான் சிறுதானியத்துக்கு நல்ல விலை கேட்கும் உழவரும், காட்டைக் காக்கும் அலுவலரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசமுடியும்.

மாணவ நண்பர்களே! சாலிம் அலியின் பெயரால் கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990 முதல் ஆய்வு மையம் இயங்குகிறது. பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கைப்பேசி வைத்திருக்கும் எவரும் அதில் பங்குகொள்ளலாம். ஆனால் நமக்கு வேண்டியது அந்த நான்கு நாட்கள் மட்டுமன்று. நாங்கள் எழுதிய மூன்றாண்டுக் குறிப்பேடுகளை விலங்கியல் துறை அலமாரியில் வைத்திருக்கிறோம். இடம், நாள், நேரம், பறவை, எண்ணிக்கை என்ற ஐந்து கட்டங்களே அவற்றில் உள்ளன. தமிழ் மாணவரும் கணக்கு மாணவரும் கூட அவற்றை நிரப்பலாம். வரும் ஜூனில் நாங்கள் கல்லூரியை விட்டுப் போயிருப்போம். ஆடி மாதப் பயணத்துக்கு அந்தக் குறிப்பேடுகளை எடுத்துச்செல்ல இளையவர்கள் முன்வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.