கேரிங்டன் கண்ட ஒளி

துருவ ஒளியைக் காண விரும்புவோர் இன்று முதலில் சூரியப் புயல் பற்றிய செய்தியைத்தான் கவனிப்பர். அந்தத் தொடர்பு புலப்பட வழிவகுத்தவர் ரிச்சர்ட் கேரிங்டன். இவர் 1826இல் இலண்டனில் பிறந்தார். சொந்த ஆய்வுக்கூடத்தில் சூரியக் கரும்புள்ளிகளை வரைந்துவந்தார். 1858இல் தந்தை இறந்ததும் குடும்ப மது ஆலையும் இவர் பொறுப்பாயிற்று.

1859 செப்டம்பர் 1, முற்பகல் வேளை. கரும்புள்ளிகளின் மேல் இரண்டு வெண்ணொளித் திட்டுகள் பளிச்சிட்டன. சாட்சி வேண்டுமே! ஆளை அழைக்க ஓடினார். ஒரு நிமிடத்திற்குள் திரும்பினார். அதற்குள் ஒளி மங்கிவிட்டது. நல்லவேளை, ஹாட்சன் என்பவரும் வேறோர் இடத்திலிருந்து அதைக் கண்டிருந்தார்.

சுமார் 17 மணி நேரம் கழித்துக் காந்தப் புயல் பூமியைத் தாக்கியது. துருவ ஒளி கியூபா வரை தெரிந்தது. பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில் காந்த அளவு திடீரெனச் சரிந்தது. ஆயினும், ஒரே நிகழ்வைக் கொண்டு கேரிங்டன் அவசரமாக முடிவு கூறவில்லை. ஆலைப் பணி நெருக்கியதால் 1861இல் சூரிய ஆய்வைக் கைவிட்டார்; 1875இல் மறைந்தார்.