தூத்துக்குடிக்கு முன்னாடி கொற்கை, காயல்: தாழி தோண்டிய கால்டுவெல் எங்கே புதைக்கப்பட்டார்?

தூத்துக்குடியில் கால்டுவெல்னு சொன்னா பலருக்கு ஸ்கூல்தான் ஞாபகத்துக்கு வரும். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1856-ல் அவர் எழுதிய ஒப்பிலக்கணமும், 1968-ல் மெரினாவில் வைத்த சிலையும் ஓரளவு தெரிந்த விஷயம். (அவருக்கு 40 வருஷம் முன்பே, 1816-ல் எல்லிஸ் இதைச் சொல்லிவிட்டார் என்பது தனிக்கதை.) ஆனா முத்துக் கடற்கரையில் மண்ணைத் தோண்டி அவர் தேடியது வேற.

ராபர்ட் கால்டுவெல் 1814-ல் அயர்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோவில் படித்து, 1838-ல் மிஷனரியாகச் சென்னைக்கு வந்தார். அங்கிருந்து நீலகிரி சுற்றி, பெரும்பாலும் நடந்தே நெல்லைச் சீமைக்கு வந்து, 1841-ல் உவரி பக்கத்தில் இருக்கும் இடையன்குடியில் தங்கினார். பனையும் செம்மண் தேரியுமான ஊர். சுமார் 40 வருஷம் அதுதான் அவருக்குச் சொந்த ஊர்.

கொற்கையில் என்ன கிடைத்தது?

பாண்டியர்களின் முத்துத் துறைமுகம், கிரேக்கப் பயணக் குறிப்புகளில் வரும் ஊர் என்று பெயர் பெற்ற கொற்கை, அவர் போய்ப் பார்த்தபோது கடலே கண்ணில் படாத சின்ன கிராமம். துறைமுகம் எங்கே போச்சு? 1870-களில் ஆட்களை வைத்துத் தோண்டிப் பார்த்தார். மண்ணுக்கடியில் கடல் மணலும் சிப்பி ஓடுகளும் வந்தன. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட்டது என்பது அவர் முடிவு. கொற்கை தூர்ந்ததும் வணிகம் காயலுக்குப் போனது. மார்க்கோ போலோ சொன்ன துறைமுகம் இந்தக் காயல்தான் என்றும், அங்கே சிதறிக் கிடந்த சீன, அரபு நாட்டு ஓடுகள் அதற்குச் சாட்சி என்றும் எழுதினார். காயலும் தூர்ந்த பிறகுதான் தூத்துக்குடிக்கு முறை வந்தது.

அந்தத் தோண்டலில் முதுமக்கள் தாழிகளும் கிடைத்தன. இறந்தவர்களின் எலும்புகளோடு புதைத்த பெரிய மண்பானைகள். அந்தக் காலத்து ஆட்கள் சாகாமல் வயசாகி வயசாகிச் சுருங்கிப் போவார்கள், அப்புறம் பானைக்குள் உட்கார வைத்துவிடுவார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. எலும்புகளைப் பார்த்த கால்டுவெல், இவர்கள் குள்ளர்கள் இல்லை, நம்மைப் போல சாதாரண உயரம்தான் என்றார். யார் அவர்கள் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஆதிச்சநல்லூரில் ஜெர்மானியரான யாகோரும் தாழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். கால்டுவெல் தன் தேடலை எல்லாம் சேர்த்து 1881-ல் திருநெல்வேலி வரலாறாக வெளியிட்டார்.

எல்லாரும் கொண்டாடினார்களா என்றால், இல்லை. 1849-ல் நாடார் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் அவர்களைத் தாழ்த்தியது, இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றும் சொன்னது. அதே சமூகத்தில் படித்து வந்த தலைமுறை கொதித்தது. மறுப்பு நூல்கள், மனுக்கள் என்று எதிர்ப்பு பல வருஷம் ஓடியது. யாருக்காக உழைத்தாரோ அவர்களையே புண்படுத்திய நூல் அது. இதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

1877-ல் பிஷப் ஆனார். இடையன்குடியில் 1847-ல் கட்டத் தொடங்கிய பரிசுத்த திரித்துவ ஆலயம் முடிய 33 வருஷம் ஆச்சு. 1880-களில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். 1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் இறந்தார். மலையிலிருந்து உடலை இறக்கி, இடையன்குடிக்கே கொண்டுவந்து, தான் கட்டிய அந்த ஆலயத்தின் பலிபீடத்துக்கு அடியில் புதைத்தார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்த மனைவி எலைசா 1899-ல் இறந்தார். அவரும் அங்கேயே, கணவர் பக்கத்தில். கால்டுவெல் வாழ்ந்த வீடு இப்போ தமிழக அரசின் நினைவு இல்லம்.