மேடம் டினுபு - லாகோஸை ஆட்டிப்படைத்த வியாபாரி

நைஜீரியா என்றாலே நம் வகுப்பில் பாதிப்பேருக்கு ஃபுட்பால் டீம்தான் ஞாபகம் வரும். எனக்கு இப்போதெல்லாம் ஓர் அம்மையார் ஞாபகம் வருகிறார். பெயர் எஃபுன்ரோயே டினுபு. சுமார் 1810-ல் யோருபா மொழி பேசும் எக்பா மக்களிடையே பிறந்தவர். சந்தை வியாபாரத்தில் கைதேர்ந்தவர்.

முதல் கணவர் இறந்தபின் 1833-ல் லாகோஸ் மன்னர் அடேலேயை மணந்தார். மன்னர் என்றதும் சிம்மாசனத்தில் இருந்தவர் என்று நினைக்காதீங்க! பதவி பறிபோய் படாக்ரி என்ற கடலோர ஊரில் ஒதுங்கிக் கிடந்தவர். ஆனால் அது கப்பல் வரும் ஊர் ஆயிற்றே! உப்பு, புகையிலை, துப்பாக்கி... கூடவே மனிதர்கள். உள்நாட்டுச் சண்டைகளில் பிடிபட்டவர்களைக் கடற்கரைக்கு ஓட்டி வருவார்கள், பிரேசில் வியாபாரிகள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நடுவில் நின்று லாபம் பார்த்தவர்களில் அந்தம்மாவும் ஒருவர்.

1835-ல் அடேலே மறுபடி அரியணை ஏறினார், இரண்டே வருஷத்தில் இறந்தும் போனார். விதவை என்று டினுபு மூலையில் உட்காரவில்லை. ஒரு படைத்தலைவரை மணந்தார். 1841-ல் அகிடோயே மன்னராக ஆதரவு தந்தார். 1845-ல் அகிடோயேவை அவருடைய அண்ணன் மகன் கொசோகோ விரட்டிவிட்டான். அடிமை வியாபாரத்தை நிறுத்துகிறேன், பதவியை வாங்கிக் கொடுங்கள் என்று அகிடோயே பிரிட்டிஷாரிடம் போனார். 1851 டிசம்பரில் அவர்களுடைய கப்பல்கள் லாகோஸ் மேல் குண்டு பொழிந்தன. 1852 ஜனவரி 1-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இங்கேதான் வேடிக்கை. ஆட்சியோடு டினுபுவின் செல்வாக்கும் லாகோஸுக்குத் திரும்பியது. ஆனால் அவர் எதில் பணம் சம்பாதித்தாரோ அந்தத் தொழிலுக்கே அந்த ஒப்பந்தம் தடை போட்டது! பாமாயில் வியாபாரம் ஒரு பக்கம் நடக்க, பழைய தொழிலும் மறைவாக நடந்தது என்கிறார்கள். 1853-ல் மன்னரான டோசுன்மு காலத்தில், ஆட்சி இவர் சொல்படி நடக்கிறது என்று பிரிட்டிஷ் தூதர் கேம்ப்பெல் கடுப்பானார். 1856-ல் டோசுன்முவை வைத்தே ஊரைவிட்டு வெளியேற்றினார். 1861-ல் லாகோஸே பிரிட்டிஷ் வசம் போய்விட்டது.

வெள்ளைக்காரனை எதிர்த்த வீராங்கனை என்று இதை எழுதிவிட்டுப் போயிடலாம். எனக்கு மனசு வரலை. எங்கள் பாட்டி பண்ணையில் கைகட்டி நின்றவங்க. அதனால் கப்பலில் ஏறியவர்கள் பக்கம்தான் என் கண் போகிறது. டினுபுவின் பெயர் புத்தகத்தில் இருக்கு, அவங்க பெயர் ஒண்ணுகூட இல்லை. பிற்காலத்தில் அம்மையார் மனம் மாறினார் என்று சிலர் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அவருடைய சொந்த வேலைகளுக்கும் அடிமைகள்தானே இருந்தார்கள்!

அதேசமயம் அந்தத் துணிச்சலையும் மறைக்க முடியாது. லாகோஸிலிருந்து விரட்டப்பட்டவர் அபேயோகுட்டாவில் மறுபடி கடை விரித்தார். 1864-ல் டஹோமி படை அந்த ஊரைத் தாக்கியபோது துப்பாக்கியும் மருந்தும் கொடுத்துத் தாங்கிப் பிடித்தார். டஹோமிக்காரன் ஜெயித்திருந்தால் ஊர்க்காரர்களே அடிமைகளாகக் கடற்கரைக்கு நடந்திருப்பார்கள்! ஊர் மகிழ்ந்து அவருக்கு இயாலோடே பட்டம் கொடுத்தது. பெண்களின் தலைவி என்று அர்த்தம்.

1887-ல் அபேயோகுட்டாவில் காலமானார். விரட்டியடித்த அதே லாகோஸில் இன்று நடுநாயகமான ஒரு சதுக்கத்துக்கு டினுபு என்றுதான் பெயர்.