தொடு உணர்வுக்கு வரைபடம் தந்த மருத்துவர்

கண்களை மூடிக்கொண்டு ஒரு நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் விளிம்பையும் மேடுபள்ளங்களையும் விரல் நுனி உடனே உணர்ந்துவிடும். அதே நாணயத்தை வேறொருவர் உங்கள் முதுகில் வைத்தால், அது நாணயமா பொத்தானா என்று சொல்வதுகூடக் கடினம். இரண்டு இடத்திலும் இருப்பது தோல்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? இதற்கான விடை தோலில் மட்டும் இல்லை, மூளையிலும் இருக்கிறது. அந்த விடையைப் படமாக வரைந்து உலகுக்குக் காட்டியவர் வைல்டர் பென்ஃபீல்ட் என்னும் மூளை அறுவை மருத்துவர்.

பென்ஃபீல்ட் 1891ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையும் ஒரு மருத்துவர். பெற்றோர் பிரிந்ததால் சிறுவயதிலேயே தாயுடன் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஹட்சன் என்னும் சிற்றூருக்குச் சென்று வளர்ந்தார். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவும் ரோட்ஸ் உபகாரச் சம்பளத்தைப் பற்றித் தாய் கேள்விப்பட்டபோது மகனுக்கு வயது 13. அந்த உபகாரச் சம்பளத்தைப் பெறப் படிப்பிலும் விளையாட்டிலும் சிறந்திருக்க வேண்டும். தாய் ஊட்டிய ஊக்கத்தால் பென்ஃபீல்ட் இரண்டிலும் உழைத்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பின், ரோட்ஸ் உபகாரச் சம்பளத்தையும் பெற்று ஆக்ஸ்ஃபர்ட் சென்றார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் இருவர். நரம்புகள் இயங்கும் முறையை ஆராய்ந்த சார்ல்ஸ் ஷெரிங்டன் அவருக்கு மூளையின் மீது ஆர்வத்தை ஏற்படுத்தினார். புகழ்பெற்ற மருத்துவரான வில்லியம் ஓஸ்லர், நோயாளியை அன்போடு நடத்துவது எப்படி என்பதைத் தம் வாழ்க்கையால் உணர்த்தினார். 1916ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின்போது, பென்ஃபீல்ட் பயணம் செய்த சசெக்ஸ் என்னும் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டது. காலில் காயமடைந்த அவர் ஓஸ்லரின் வீட்டில் தங்கி உடல் தேறினார். பிழைத்த உயிரைப் பயனுள்ள பணிக்குச் செலவிட வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1918இல் மருத்துவப் பட்டம் பெற்ற பென்ஃபீல்ட், மூளை அறுவை சிகிச்சையில் தேர்ச்சி பெற்றார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. மூளை உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை அறிந்துகொள்ள 1924இல் ஸ்பெயினுக்குச் சென்றார். 1928இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகருக்குச் சென்று, ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர் என்னும் மருத்துவரிடம், வலிப்பு நோயாளிகள் விழித்திருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்யும் முறையைக் கற்றார். அதே ஆண்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்திலும் அதனோடு இணைந்த மருத்துவமனையிலும் பணியில் சேர்ந்தார்.

புதிய ஊரில் காலூன்றுவதற்குள் பெரிய சோதனை ஒன்று வந்தது. ஆறு பிள்ளைகளுக்குத் தாயான அவருடைய சகோதரி ரூத்தின் மூளையில் பெரிய கட்டி இருப்பது தெரியவந்தது. அந்தக் காலத்தில் இத்தகைய அறுவை சிகிச்சையைச் செய்யக்கூடியவர்கள் மிகச் சிலரே. சொந்தச் சகோதரியின் தலையில் கத்தி வைக்கும் பொறுப்பைப் பென்ஃபீல்ட் ஏற்றார். மூளையின் முன்பகுதியில் பெரும்பங்கை அகற்றியும் கட்டி முழுவதையும் அவரால் எடுக்க இயலவில்லை. ரூத் வீடு திரும்பிக் குடும்பத்தோடு மகிழ்ச்சியாக வாழ்ந்தார். ஆனாலும் ஒரு மாற்றம் தெரிந்தது. சமையலில் கைதேர்ந்த அவர், விருந்தினருக்கு உணவு ஆயத்தம் செய்யும்போது எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரியாமல் தடுமாறினார். சில ஆண்டுகளில் கட்டி மீண்டும் வளர்ந்து அவர் உயிரைப் பறித்தது.

இந்த இழப்பு பென்ஃபீல்டை ஆழமாகச் சிந்திக்க வைத்தது. மூளையின் எந்த இடம் எந்த வேலையைச் செய்கிறது என்பது சரிவரத் தெரியாமலே மருத்துவர்கள் அதை அறுக்க வேண்டியிருந்தது. இந்த அறியாமையைத் தனி ஒருவரால் போக்க முடியாது என்று அவர் உணர்ந்தார். மருத்துவர்களும் தாதியரும் ஆய்வாளர்களும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றும் ஒரு கழகம் வேண்டும் என்று முயன்றார். ராக்பெல்லர் அறநிறுவனம் 1.2 மில்லியன் டாலருக்கும் மேல் வழங்கியது. 1934இல் மாண்ட்ரியல் நரம்பியல் கழகம் திறக்கப்பட்டது.

வலிப்பு நோயாளிகள் பலர் அவரை நாடி வந்தனர். மூளையில் ஏற்பட்ட தழும்பு சிலருக்கு வலிப்பை உண்டாக்கும். அந்தத் தழும்பை அகற்றினால் வலிப்பு குறையலாம். ஆனால், அதன் அருகிலேயே கையின் உணர்வையோ பேச்சையோ ஆளும் பகுதி இருக்கலாம். கத்தி சற்றே தவறினாலும் நோயாளி அந்தத் திறனை இழந்துவிடுவார். எனவே, வெட்டுவதற்கு முன் எது எந்த இடம் என்று அறிவது கட்டாயமாயிற்று.

அதற்கு ஒரு வழி இருந்தது. மூளைக்கு உடலின் வலியெல்லாம் தெரியும். ஆனால், மூளையையே தொட்டால் அதற்கு வலிக்காது. ஆகவே, தலையின் மேல்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளியை விழித்திருக்க வைத்தே பென்ஃபீல்ட் மண்டை ஓட்டைத் திறந்தார். மெல்லிய மின்முனையால் மூளையின் மேற்பரப்பில் ஓரிடத்தைத் தொட்டு, மிகக் குறைந்த மின்சாரத்தைச் செலுத்தினார். உடனே நோயாளி தம் கட்டைவிரல் கூசுவதாகக் கூறுவார். கட்டைவிரலை எவரும் தொட்டிருக்கமாட்டார்கள். மின்முனையைச் சற்று நகர்த்தினால் உதடு, இன்னும் நகர்த்தினால் நாக்கு என உணர்வு இடம் மாறும். உணர்வு தோன்றிய ஒவ்வோர் இடத்திலும் எண் எழுதிய சிறு காகிதத்தை அவர் வைத்தார். நோயாளி கூறியவை எழுதிக்கொள்ளப்பட்டன. மூளையும் நிழற்படம் எடுக்கப்பட்டது.

நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கிடைத்த குறிப்புகளைத் தொகுத்து, 1937இல் எட்வின் போல்ட்ரே என்பவருடன் இணைந்து அவர் ஒரு கட்டுரையை வெளியிட்டார். தொடு உணர்வைப் பெறும் பகுதி, மூளையின் உச்சியிலிருந்து காதை நோக்கி இறங்கும் ஒரு பட்டைபோல அமைந்திருந்தது. அதில் உடலுறுப்புகள் பெரும்பாலும் வரிசையாக இடம்பெற்றிருந்தன. மேலே கால்விரல்களும் காலும், அடுத்து உடற்பகுதி, பிறகு கை, விரல்கள், அதன் கீழே முகம், உதடு, நாக்கு என்று அந்த வரிசை அமைந்தது. உடலின் வலப்பக்க உணர்வை மூளையின் இடப்பக்கமும், இடப்பக்க உணர்வை வலப்பக்கமும் பெற்றன.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. மூளை தன் இடத்தை உறுப்பின் அளவைப் பார்த்துப் பங்கிடவில்லை. அது எவ்வளவு நுட்பமாக உணர வேண்டும் என்பதைப் பார்த்தே பங்கிட்டிருந்தது. அகன்ற முதுகுக்குச் சிறிய இடமும், சிறிய விரல்களுக்கும் உதடுகளுக்கும் பெரிய இடமும் கிடைத்திருந்தன. இந்தப் பங்கீட்டின்படி ஒரு மனிதனை வரைந்தால் எப்படி இருப்பான்? ஓவியர் ஒருவரின் உதவியால் அந்த உருவம் பிறந்தது. பெரிய கைகள், தடித்த உதடுகள், மெலிந்த உடல் கொண்ட அந்த உருவத்திற்கு, ‘குட்டி மனிதன்’ எனப் பொருள்படும் ஹோமுன்குலஸ் என்ற இலத்தீன் பெயர் வழங்கப்பட்டது. 1950இல் தியோடர் ராஸ்முசனுடன் எழுதிய நூலில் அந்தப் படம் மேலும் விளக்கமாக இடம்பெற்றது. இன்றும் உலகெங்கும் உள்ள மருத்துவ மாணவர்கள் அதைப் பார்த்துப் படிக்கின்றனர்.

அந்த வரைபடம் பிற்காலத்தில் வேறொரு புதிரையும் விளக்க உதவியது. கையை இழந்த சிலருக்கு, இல்லாத கை இன்னும் இருப்பதுபோலவே தோன்றும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் இத்தகையோரை ஆராய்ந்தார். முகத்தைத் தொட்டபோது, இல்லாத கையைத் தொட்டதுபோல் உணர்ந்தவர்கள் அவர்களுள் இருந்தனர். மூளையின் வரைபடத்தில் கையும் முகமும் அண்டை வீட்டார் என்பதை நினைவுகூர்ந்தால் இதற்கான காரணம் புலப்படும்.

1960இல் கழகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற பென்ஃபீல்ட், நூல்கள் எழுதுவதில் ஈடுபட்டார். 1976ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், தம் 85ஆவது வயதில் மாண்ட்ரியலில் காலமானார்.

மூளையின் வரைபடத்தை வரைந்தவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால், அதற்குத் துணைநின்ற கைகள் பல. திறந்த தலையோடு அச்சத்தை அடக்கிக்கொண்டு, தாங்கள் உணர்ந்ததை உள்ளபடி எடுத்துரைத்த நோயாளிகள் இல்லையென்றால் அந்தப் படம் உருவாகியிருக்காது. அவர்களின் சொல்லைப் பொறுமையோடு கேட்டதுதான் பென்ஃபீல்டின் பெருமை. சகோதரியைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. ஆயினும், அந்தத் துயரத்திற்குப் பின் அவர் தேடிய அறிவு, இன்றும் அறுவை சிகிச்சைக் கூடங்களில் பலருடைய கைகளையும் பேச்சையும் காத்து வருகிறது.