நடந்து வந்த நூலாசிரியர்: வெ. சாமிநாத சர்மா

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதுக என்று பணிக்கப்பட்டபோது, பாவலர் எவரையேனும் எழுதுவேன் என்று நண்பர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். வெ. சாமிநாத சர்மா பாவலர் அல்லர். தமிழ் உரைநடைக்கு அரசியலறிவை ஊட்டிய மொழிபெயர்ப்பாளர் என்ற அளவிலேயே இலக்கிய வரலாற்று நூல்கள் அவரைக் குறித்துவிட்டுச் சென்றுவிடுகின்றன. பிளேட்டோவையும் ரூஸோவையும் தமிழில் தந்தவர் என்று நானும் பல்லாண்டுகளாக மாணவியர்க்கு அவ்வாறே பாடம் சொல்லி வந்தேன். அவருடைய 'பர்மா வழிநடைப் பயணம்' என்னும் நூலைப் படித்த பின்னரே, என் பாடக்குறிப்பில் அவருடைய வாழ்வின் நடுப்பகுதி முழுவதும் விடுபட்டிருந்ததை உணர்ந்தேன்.

1895ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் வட ஆர்க்காட்டு வெங்களத்தூரில் பிறந்தவர் சர்மா. 1914இல் மங்களம் அம்மையாரை மணந்தார். அவருடைய முதல் நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. திரு.வி.க. 1917இல் தொடங்கிய 'தேசபக்தன்' இதழிலும் பின்னர் 'நவசக்தி'யிலும் அவருக்குத் துணையாக இருந்து எழுத்துப் பயிற்சி பெற்றார். அவர் எழுதிய 'பாணபுரத்து வீரன்' நாடகம் ஆங்கில ஆட்சியின் சினத்துக்கு ஆளாயிற்று. டி.கே.எஸ். சகோதரர்கள் அதனைத் 'தேசபக்தி' என்ற பெயரில் மேடையேற்றினர். இவையெல்லாம் அறிஞர் அறிந்த செய்திகளாதலின் விரிக்கவில்லை.

1932இல் கணவனும் மனைவியும் இரங்கூன் சென்றனர். அந்நாளைய பர்மாவில் இந்தியர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் வாழ்ந்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், நெல்வயலில் கூலி செய்தவரும், தெருக் கூட்டியவரும், வட்டிக்கடை வைத்திருந்த செட்டியாரும், அலுவலக எழுத்தரும் அவர்களுள் அடங்குவர். அவர்களுள் தமிழராக இருந்தோர்க்கு உலகச் செய்தியையும் நல்ல தமிழையும் ஒருங்கே தர வேண்டுமென்று 1937இல் 'ஜோதி' மாத இதழைச் சர்மா தொடங்கினார். கடல் கடந்த மண்ணிலிருந்து வெளிவந்த அவ்விதழைத் தாய்நாட்டுத் தமிழரும் விரும்பிப் படித்தனர் என்பது நினைக்கத் தக்கது. ஐந்தாண்டு அது நடந்தது.

1941 டிசம்பர் 23ஆம் நாள் சப்பானிய வானூர்திகள் இரங்கூன் மீது குண்டு வீசின. இரண்டு நாள் கழித்து, கிறித்துமஸ் நாளன்று மீண்டும் வீசின. நகரம் வெறிச்சோடியது. கப்பலில் இடம் பெற்றவர் சிலரே. துறைமுகமும் துப்புரவுப் பணியும் நின்றுவிடும் என்று அஞ்சிய அரசு, இந்தியக் கூலிகள் வெளியேறுவதைத் தடுக்கவும் முற்பட்டது. போர்க்காலத்தில் ஓர் அரசு யாரை முதலில் காப்பாற்றுகிறது, யாரைக் கடைசி வரை வேலைக்கு வைத்துக்கொள்கிறது என்பதைக் கொண்டு அவ்வரசின் இயல்பை அறியலாம். 1942 மார்ச் 8ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தரைவழியே தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் நாற்பத்தாறு வயதுச் சர்மாவும் மங்களம் அம்மையாரும் இருந்தனர்.

அரக்கான் மலையைக் கடக்கும் தென்வழி வாந்திபேதியால் பிணவழியாயிற்று. மற்றொரு வழி மாந்தளையிலிருந்து மோனிவா சென்று, சிந்துவின் ஆற்றில் படகேறிக் கலேவாவை அடைந்து, காட்டுப் பள்ளத்தாக்கின் வழியே தம்மு வந்து, மலை ஏறி இறங்கிப் பலேல், இம்பால் என்று நீண்டு, திமாப்பூர்ப் புகைவண்டி நிலையத்தில் முடியும். சர்மா தம்பதியர் வந்தது இவ்வடவழியே. படிப்பறையில் அமர்ந்து கிரேக்கத்தைப் பற்றி எழுதியவர், எருமைத் தடத்தில் தேங்கிய நீரையும் வடிகட்டிக் குடிக்கும் மக்கள் திரளில் ஒருவராக நடந்தார். தாகத்தாலும் காய்ச்சலாலும் வீழ்ந்தவர்களைச் சுற்றத்தாரே விட்டு நடக்க வேண்டிய வழி அது. மாண்டவர் தொகை பத்தாயிரம் என்பாரும் ஐம்பதாயிரம் என்பாரும் உளர். எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

நிவாரணம் என்பதே இல்லாமற் போகவில்லை. அது நிறம் பார்த்து வந்தது. ஐரோப்பியர்க்குத் தனி முகாம், தனி உணவு, சில இடங்களில் தனி வழி. வெள்ளையர் பாதை, கறுப்பர் பாதை என்று மக்களே பெயரிட்டு வழங்கினர். அவ்வாண்டுக் காங்கிரஸ் தீர்மானத்தில் இவ்வேற்றுமை கண்டிக்கப்பட்டது. இன்னொரு புறத்தில், மார்வாரி நிவாரண சங்கமும் இராமகிருஷ்ண மடமும் காங்கிரஸ் தொண்டர்களும் வந்தவர்க்குச் சோறும் மருந்தும் துணியும் வழங்கினர். அசாம் தேயிலைத் தோட்ட உரிமையாளர் சங்கம் மலைவழியில் முகாம்களை அமைத்தது. அதற்காக அனுப்பப்பட்டவர்கள் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர். சோட்டா நாகபுரியிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஒரு தலைமுறைக்கு முன் கூலியாய்க் கொண்டுவரப்பட்டவர்களின் மக்கள் அவர்கள். அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து மலை ஏறியவரும், நோயுற்ற அகதியைத் தூளியிற் கட்டித் தூக்கி இறங்கியவரும், சேற்றில் பாதை வெட்டியவரும் அவர்களே. மலேரியாவில் அவர்களிலும் பலர் மாண்டனர். அரசாங்க அறிக்கைகள் தோட்டத் துரைமார்களைப் பெயர் சொல்லிப் புகழ்கின்றன. சுமந்தவர் பெயர் ஒன்றும் இல்லை.

கொட்டச்சேட்டில் இதனைப் படிப்போர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. குப்பனூரிலிருந்து ஏறும் மலைவழியில் காப்பி மூட்டை இறக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வட்டத்திலேயே இருக்கிறார்கள். மழைக்காலச் செம்மண் சரிவில் சுமையோடு ஓர் அடி வைப்பது எத்தகையது என்பதை அவர்கள் அறிவர். பர்மா நடையைச் சமவெளியில் வாழும் எனக்குப் புரிய வைத்தது நூல் மட்டுமன்று, இம்மலையும்தான்.

சர்மாவின் நூலில் என்னை வியப்பில் ஆழ்த்தியது அதன் அடங்கிய குரல். தம் துன்பத்தை அவர் பெரிதாக்கவில்லை. வழியிற் கண்டதை, கிடைத்ததை, கிடைக்காததைச் செய்தியாளரின் நிதானத்தோடு வரிசைப்படுத்துகிறார். உதவியைப் பெறுபவன் வெட்கப்பட நேருவதும், வரிசையில் நிற்கும் படித்தவன் தன் படிப்பை மறைத்துக்கொள்ள விரும்புவதும் அகதி வாழ்வின் ஒரு பகுதி. அதனை அறிந்தவர் எழுதிய உரைநடை அது. அவருடைய மொழிபெயர்ப்புகளைக் காட்டிலும் இதனையே நான் மேலாக மதிக்கிறேன். மறுப்போர் மறுக்கலாம்.

மங்களம் அம்மையாரைப் பற்றி ஒரு சொல். குழந்தைப் பேறில்லாத அவ்வம்மையார் கணவரின் எழுத்துப் பணியைத் தம் பணியாகவே கொண்டவர். அந்நடையில் அவரும் ஒவ்வொரு காதமும் நடந்தவர். எனினும் சர்மாவின் வாழ்க்கைக் குறிப்புகளுள் பெரும்பாலானவை, சர்மா பர்மாவிலிருந்து நடந்து வந்தார் என்று ஒருமையில் எழுதி முடிக்கின்றன. 1956இல் அம்மையார் மறைந்தார். அப்பிரிவைத் தாங்காது சர்மா எழுதிய 'அவள் பிரிவு' தமிழில் அரிதான நூல். மலைவழியில் அடங்கியிருந்த குரல் அங்கேதான் உடைகிறது.

தாயகம் திரும்பியவர் சென்னையில் மீண்டும் எழுத அமர்ந்தார். இதழும் போயிற்று, பத்தாண்டு உழைப்பும் போயிற்று. எனினும் வரலாறு, வாழ்க்கை வரலாறு, அரசியல் என நூல்கள் தொடர்ந்து வந்தன. கார்ல் மார்க்ஸ் பற்றிய அவருடைய நூலைப் படித்துப் பொதுவுடைமையை அறிந்தவர் பலர். எண்பதை எட்டும் அளவுக்கு நூல்கள் எழுதியவர், 1978ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் மறைந்தார். அவருடைய நூல்கள் பின்னர் நாட்டுடைமையாக்கப்பட்டன.

1964க்குப் பின் பர்மாவிலிருந்து மற்றொரு முறை தமிழர் வெறுங்கையோடு கப்பலிறங்கினர். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து படகில் வந்தனர். சேலம் மாவட்டத்திலும் அவர்களுக்கு முகாம்கள் உண்டு. அங்கிருந்து வந்து என் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தியிடம் சர்மாவின் நூலைக் கொடுத்தேன். இரண்டு நாளில் திருப்பித் தந்தாள். அம்மாவும் படித்தார்கள் என்பதை மட்டும் தெரிவித்து, அடுத்த பாடத்திற்கான ஏட்டைத் திறந்துகொண்டாள்.