லண்டன் வரை போன கொலை வழக்கு: ஜெயிலில் வாடிய பாகவதர்

இண்டூர் பெரிசுகளிடம் எம்.கே.தியாகராஜ பாகவதர் பேரைச் சொல்லிப் பாருங்க, பாட்டே பாடிடுவாங்க. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் 3 தீபாவளி கண்டது. ஆனால் ஹீரோ ஜெயிலில்!

அந்த நவம்பரில், சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை 'இந்து நேசன்' பத்திரிகையில் எழுதி வந்த லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். பாகவதரும், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். தங்களுக்கு சம்பந்தமே இல்லை என்று வாதாடியும் 1945-ல் ஆயுள் தண்டனை. ஐகோர்ட்டும் கைவிட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அப்பீலை திரும்ப விசாரிக்க உத்தரவு வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை.

குத்தியது யார்? இன்றுவரை மர்மம்தான். கலைவாணர் மறுபடி ஜெயித்தார். பாகவதர் படங்கள்தான் பாவம், ஓடவில்லை. 1959 நவம்பர் 1-ந்தேதி சென்னையில் காலமானார்.